லட்டு எங்கடா?

என் வலது உள்ளங்கையில் குறுக்காக ஒரு தழும்பு இருக்கிறது. கேட்பவர்களுக்கெல்லாம் காய் நறுக்கும்போது அரிவாள்மனை பட்டது என்றே சொல்லிவந்திருக்கிறேன். நான் உண்மையைச் சொன்னது என் வீட்டுக்காரர் ஒருவரிடம்தான். அவரும் இப்போது இல்லை. இனி எழுதினால் யார் என்னைக் கேட்கப் போகிறார்கள்?

எண்பதுகளின் நடுவில் திருவண்ணாமலையில் ஓர் ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். பையன்கள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது. கை முந்தும், வாய் அதைவிட முந்தும் என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் என்றாலே அடிதான். தலைமை ஆசிரியர் பிரம்பை எண்ணெய் தடவி வைத்திருப்பார். டிரில் மாஸ்டர் முட்டி போட வைத்து முதுகில் குத்துவார். நான் காதைத் திருகுவேன், கன்னத்தில் வைப்பேன். பையன்கள் எங்களிடம் வாங்கியதை மைதானத்தில் ஒருவருக்கொருவர் கொடுத்துத் தீர்த்துக்கொள்வார்கள். யாரும் யாரையும் பார்த்து ஐயோ பாவம் என்று சொன்னதில்லை.

ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் நாள். ஒன்பதாம் வகுப்புப் பிரிவுகளைக் கலைத்துப் புதிதாகப் போட்டிருந்தார்கள். பாதிப் பேருக்குப் பாதிப் பேரைத் தெரியாது. நான் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன் தாமதமாக வந்து வாசலில் நின்றான். தலை மழுமழுவென்று மொட்டை. வா என்று தலையாட்டினேன். இரண்டாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

எங்கள் ஊரில் மொட்டைத் தலை என்றால் சந்தோஷச் செய்தி. திருப்பதியிலோ எங்கள் கோயிலிலோ வேண்டுதல் தீர்ந்திருக்கிறது, வீட்டில் பிரசாதம் இருக்கிறது என்று அர்த்தம். மே மாத விடுமுறை முடிந்து பள்ளி திறந்தால் வகுப்புக்கு நாலு மொட்டையாவது இருக்கும். பின்னால் உட்கார்ந்திருப்பவன் அந்தத் தலையைத் தட்டிப் பிரசாதம் கேட்பது எங்கள் பள்ளியில் ஒரு சடங்கு மாதிரி. கேட்காமல் விட்டால்தான் வருத்தப்படுவார்கள்.

அன்றும் பின் பெஞ்சுப் பையன், டவுனைச் சேர்ந்தவன், டப்பென்று தட்டினான். "என்னடா, திருப்பதியா? லட்டு எங்கடா?"

வகுப்பு சிரித்தது. மொட்டைத் தலைப் பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியைத் திறந்து காம்பஸை எடுத்து, திரும்பி, பின் பெஞ்சில் பரப்பி வைத்திருந்த அந்தக் கையின் மேல் ஓங்கிக் குத்தினான். முனை கையில் இறங்கிப் பலகையில் நின்றது. குத்தப்பட்டவன் கத்தக்கூட மறந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம்தான் ரத்தம் வந்தது, சத்தமும் வந்தது.

நான் ஓடிப்போய்க் குத்தியவனின் சட்டையைப் பிடித்துத் தூக்கிக் கன்னத்தில் அறைந்தேன். இரண்டாவது அடிக்குக் கை ஓங்கியபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டீச்சர், அவன அடிக்காதீங்க. அவங்கப்பாவ வெட்டிட்டாங்க. இப்பதான் காரியம் முடிஞ்சிது."

ஓங்கிய கை அப்படியே நின்றது. என் பிடியில் இருந்த பையன் அழவில்லை. அவன் கண்ணில் எதுவுமே இல்லை, என்னைக்கூட அவன் பார்க்கவில்லை.

கேட்டுத் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். பக்கத்துக் கிராமமான அடி அண்ணாமலையில் அவன் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். அந்தக் கோடையில் கிணறு அடியைத் தொட்டுவிட்டது, கரண்டும் வருவதும் போவதுமாக இருந்தது. அண்ணன் முறையில் கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்தபோது தம்பியின் முறை தொடங்கியிருந்தது. போன தண்ணீர் என்னுடையது என்றான் அண்ணன். வந்த தண்ணீர் என்னுடையது என்றான் தம்பி. இரண்டு பேருக்கும் மல்லாட்டை, அதுதான் நிலக்கடலைச் செடி, வாடிக்கொண்டிருந்தது. தம்பியின் கையில் மண்வெட்டி இருந்தது.

மூத்த மகன் என்று இவனுக்குத் தலையை மழித்து, கொள்ளிச் சட்டியைக் கையில் கொடுத்து நடக்க வைத்திருக்கிறார்கள். அந்தத் தலையைத்தான் எங்கள் வகுப்பு தட்டி லட்டு கேட்டது.

தலைமை ஆசிரியர் மறுநாள் பிரார்த்தனையில் எல்லோர் முன்னாலும் அவனை நிற்க வைத்துப் பிரம்பால் அடித்தார். பிரம்பு பிளந்தது. பையன் கையை நீட்டியபடியே நின்றான், முகம் சுளிக்கவில்லை. அடிக்கிறவருக்குத்தான் மூச்சு வாங்கியது. டிரில் மாஸ்டருக்கு வேறு யோசனை. "தெம்பு இருக்கறதாலதானே டீச்சர் அடிக்கிறான்? தெம்ப எறக்கிடறேன்" என்று வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓட விட்டார். ஓடி முடித்த கையோடு அவன் தண்ணீர்த் தொட்டி அருகே ஒருத்தனின் மூக்கை உடைத்தான். அடுத்த வாரம் இன்னொருத்தனின் காதைக் கடித்தான். எதற்கு என்று கேட்டால் பதில் வராது.

வீட்டிலிருந்து ஆளைக் கூட்டிவரச் சொன்னார்கள். தாய்மாமன் வந்தார். நல்ல முறுக்கு மீசை. தலைமை ஆசிரியர் அறையில், பையனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே பேசினார்.

"ஆம்பளப் புள்ள சார். ரத்தம் கொதிக்கத்தான் செய்யும். அந்த நாயி ஜாமீன்ல வெளிய வரட்டும். இவன் பாத்துக்குவான். எங்க அக்கா இவனை நம்பித்தான் தாலியக் கழட்டாம வெச்சினு இருக்கா." சொல்லிவிட்டு முடி முளைவிட்டிருந்த அந்தத் தலையைப் பெருமையாகத் தடவினார்.

பதினாலு வயதுப் பிள்ளையை ஒரு கத்தியைச் சாணை பிடிப்பது போல வீடே சேர்ந்து பிடித்துக்கொண்டிருக்கிறது.

"புள்ளை பாத்துக்குவான்னா, நீங்க எதுக்குங்க மீசை வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

அவர் எழுந்தார். தலைமை ஆசிரியர் குறுக்கே வந்தார். மாமன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். பையன் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான்.

அவர் போனதும் தலைமை ஆசிரியர் டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்றார். "நாளைக்கு எவன் கண்ணையாவது குத்துவான். நான்தான் பதில் சொல்லணும்."

"டி.சி. குடுத்தா எங்க சார் போவான்? சித்தப்பன் வர்ற வழியில போய் உக்காருவான். இங்க இருந்தா மூக்கு உடையும். வெளிய போனா உசுரு போவும். இவன் உசுரும் சேத்துதான் சொல்றேன். அரைப் பரீட்சை வரைக்கும் என்கிட்ட விடுங்க."

விட்டார். விட்டாரே தவிர, என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. இப்போது பள்ளிகளில் மனநல ஆலோசகர் என்று ஒருவரைப் போடுகிறார்கள். அப்போது அந்தச் சொல்லே எங்கள் காதில் விழுந்ததில்லை. ஆறுதல் சொல்ல எனக்கு வரவும் வராது. காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று தமிழாசிரியர் அவனிடம் சொன்னார். அவன் அவருடைய சைக்கிள் சக்கரத்தை மிதித்து வளைத்து வைத்தான். அதில் எனக்கு உள்ளூரத் திருப்திதான்.

பள்ளியின் பின்புறம் சத்துணவுக் கூடம் இருந்தது. விறகாக வேலிக்காத்தான் கட்டை வந்து இறங்கும். முடிச்சு முடிச்சாக, முள்ளோடு இருக்கும். சமையல் செய்யும் அம்மா அதைப் பிளக்க முடியாமல் தினமும் எங்களைத் திட்டுவார். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவனை அங்கே இழுத்துப்போய்க் கோடாரியைக் கையில் கொடுத்தேன். "வெட்டுடா."

சமையல் அம்மா கரண்டியைப் போட்டுவிட்டார். "டீச்சரம்மா, உனக்கு என்னா கிறுக்கா புடிச்சிருக்குது? கொல விழுந்த வூட்டுப் புள்ளை கையில போயி…"

எனக்கும் பயம்தான். இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவன் உடம்புக்குள் ஏதோ ஒன்று யாரையாவது அடிக்காமல் அடங்காது என்று தெரிந்தது. கட்டையை அடிக்கட்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசனை எதுவும் இல்லை.

அவன் வெட்டியதை விறகு வெட்டுவது என்று சொல்ல முடியாது. பிளந்த கட்டையைத் திரும்பத் திரும்ப வெட்டினான். சிராய்களாகிய பிறகும் வெட்டினான். முள் கிழித்து முழங்கையில் ரத்தம் வழிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். பதினாலு வருட வாழ்க்கையில் இவ்வளவு வார்த்தை எங்கே கற்றானோ. நான் கவிழ்த்துப் போட்ட அண்டாவின் மேல் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினேன். கேட்காத மாதிரி இருந்தேன். மணி அடித்ததும் கோடாரியை வாங்கி வைத்துக்கொண்டு, கையைக் கழுவிட்டு கிளாசுக்கு வா என்றேன்.

அன்று முதல் தினமும் அது நடந்தது. மூக்கு உடைவது கம்மியாயிற்று. சமையல் அம்மா அவனுக்கு ஒரு கரண்டி சோறு ஜாஸ்தி போட ஆரம்பித்தார், ஆனால் கோடாரி அவன் கையில் இருக்கும்போது கிட்டே வரமாட்டார். மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் ஒருநாள் அவன் வெட்டுவதை நிறுத்தாமலே பேசினான்.

"மண்வெட்டியால போட்டா எப்படி சத்தம் வரும் தெரியுமா டீச்சர்?"

பேனாவை மூடினேன்.

"எளநி சீவுற மாதிரி. அவ்ளோதான். அப்பா வாய்க்கால்லயே உக்காந்துட்டாரு. விழலை, உக்காந்தாரு. எங்க பக்கம் போன தண்ணி செவப்பாப் போச்சு. மல்லாட்டைக்குப் போச்சு." ஒரு வெட்டு. "மடையை நான்தான் டீச்சர் திருப்பினேன். சித்தப்பா முறைன்னு எனக்குத் தெரியும். அப்பா திருப்புடான்னாரு, திருப்பிட்டேன். நான் திருப்பலன்னா அவரு இருந்திருப்பாரு."

இதுதான் அவன் இத்தனை மாதமாக யாரிடமும் சொல்லாதது. பழி வாங்கு என்று ஊதிவிட்ட மாமனிடம் இதைச் சொல்ல முடியுமா? தாலியைக் கழட்டாத அம்மாவிடம்தான் சொல்ல முடியுமா? எனக்கு வந்ததோ பொல்லாத கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம்.

"மடையைத் திருப்பினா தண்ணிதான்டா திரும்பும். தலை உடையாது. தலையை உடைச்சது அந்தாளு கை. உன் கை இல்ல. புரியுதா?" என்று கத்தினேன். சமையல் அம்மா வெளியே எட்டிப்பார்த்தார்.

அவன் கோடாரியைக் கட்டையில் இறக்கிவிட்டுப் போனான். சொன்னது உள்ளே போயிற்றா, மேலோடு வழிந்துவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஐப்பசியில் சித்தப்பா ஜாமீனில் வந்தார். மறுநாளிலிருந்து பையன் விறகு வெட்ட வரவில்லை. வகுப்பில் ஒழுங்காக உட்கார்ந்தான், கணக்குப் போட்டான், யாரையும் அடிக்கவில்லை. திருந்திட்டான் பாருங்க என்றார் தலைமை ஆசிரியர். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் அடித்துக்கொண்டிருந்தவரை நான் நிம்மதியாக இருந்தேன்.

அந்தச் சித்தப்பாவுக்கு ஒரே மகன். எங்கள் பள்ளியிலேயே ஏழாம் வகுப்பு. ஒல்லியாக இருப்பான், இவனை எங்கே பார்த்தாலும் சுவரோரம் ஒதுங்கிப் போவான். கோடைக்கு முன்னால்வரை இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் பள்ளிக்கு வந்தவர்கள் என்று கேள்விப்பட்டேன்.

கார்த்திகை தீபத்தன்று மாலை. பள்ளி விடுமுறை. தேரடி பக்கம் என் வீட்டுக்காரரோடு நின்றிருந்தேன். மலை உச்சியில் தீபம் தெரியும் வரை ஊரே தெருவில் நின்று மேலே பார்க்கும். கழுத்து வலித்தாலும் இறக்க மாட்டார்கள். உச்சியில் தெரிந்த பிறகுதான் வாசலில் அகலை ஏற்றுவார்கள். அந்த நெரிசலில், கடலை வண்டிக்கு அந்தப் பக்கம், அவனைப் பார்த்தேன். கையில் மஞ்சள் பை.

சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் தீபம் ஏற்ற மாட்டார்கள், தீபம் பார்க்கவும் வர மாட்டார்கள். அவன் வீட்டில் இதையெல்லாம் கறாராகப் பார்ப்பவர்கள். அவன் அங்கே இருக்கவே கூடாது. அவன் மலையைப் பார்க்கவும் இல்லை. அவன் பார்த்த திசையில் பார்த்தேன். பங்காளித் தீட்டு என்று பார்க்காமல் சித்தப்பா வந்து நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கை கூப்பி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் வேட்டி நுனியைப் பிடித்தபடி அந்த ஒல்லிப் பையன். ஊரில் ஒருத்தர் பாக்கி இல்லாமல் மேலே பார்க்கும் நேரத்தைத்தான் இவன் தேர்ந்தெடுத்திருக்கிறான்.

இடித்துக்கொண்டு ஓடினேன். யாரோ திட்டினார்கள், யார் காலையோ மிதித்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது பை கீழே கிடந்தது, அவன் கையில் கதிர் அறுக்கும் அரிவாள். சித்தப்பாவின் பிடரிக்கும் அதற்கும் ஒரு முழம் இருக்கும். பின்னாலிருந்து பாய்ந்து பிடித்தேன். மணிக்கட்டைப் பிடிக்கப் போய் அரிவாளையே பிடித்துவிட்டேன். பல் பல்லான அலகு உள்ளங்கையில் இழுபட்டது. வலி அப்புறம்தான் தெரிந்தது.

"உடுங்க டீச்சர்." காதோரம் சீறினான். "உடுங்க. எங்கப்பா…"

அந்த நொடியில் உச்சியில் தீபம் தெரிந்தது. அரோகரா என்று தெருவே அலறியது. அத்தனை கையும் மேலே போயிற்று. அந்தச் சத்தத்தில் அவன் காதில் வாயை வைத்துக் கத்தினேன்.

"வெட்டுடா. வெட்டு. நாளைக்கு உன் தம்பி மொட்டையடிச்சினு ஸ்கூலுக்கு வருவான்ல? நீயே மொதல்ல போய் அவன் தலையத் தட்டி லட்டு கேளு!"

யோசித்துச் சொன்னது இல்லை. ஆத்திரத்தில் வந்தது. அவன் கை தளர்ந்தது. அரிவாளை நான் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். அவன் அப்படியே குனிந்து கடலை வண்டிச் சக்கரத்தின் மேல் வாந்தி எடுத்தான். குடலே வந்துவிடும் போல எடுத்தான். சித்தப்பா கடைசிவரை திரும்பவே இல்லை, கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பியது அந்த ஒல்லிப் பையன் ஒருவன்தான். அவன் என் முந்தானையில் பரவும் ரத்தத்தைப் பார்த்தான், குனிந்து கிடந்த அண்ணனைப் பார்த்தான். பிறகு அப்பாவின் வேட்டியை இழுத்து, "போலாம்பா, வா" என்று கூட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

போலீசுக்குச் சொல்லவில்லை. கையில் தையல் போட்டவரிடம்தான் அரிவாள்மனைக் கதை முதலில் பிறந்தது. விடுமுறை முடிந்து சாக்பீஸ் பிடிக்க முடியாமல் இடது கையால் எழுதினேன், கரும்பலகையில் எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. வகுப்பு சிரித்தது. அவன் எழுந்து வந்து என் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி மீதிக் கணக்கை எழுதினான். மத்தியானம் சத்துணவுக் கூடத்தின் பின்னாலிருந்து வெட்டுச் சத்தம் கேட்டது. அன்றுதான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

பொங்கலுக்கு அப்புறம், ஒரு மத்தியான வேளை. சாப்பாட்டுத் தட்டோடு பையன்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். நான் வழக்கமான அண்டாவின் மேல். இவன் கட்டைகளுக்கு நடுவில். வரிசையின் கடைசியில் அந்த ஒல்லிப் பையன், தலையில் ஒரு துண்டு. முன்னால் இருந்தவன் நகர்ந்தபோது துண்டு நழுவியது. மழுமழுவென்று மொட்டை.

காம்பஸ் குத்துக்குப் பிறகு எங்கள் பள்ளியில் யாரும் யார் தலையையும் தட்டுவதில்லை. வரிசையில் எல்லோரும் இவன் பக்கம் திரும்பினார்கள்.

இவன் நிமிர்ந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. கோடாரியோடு வரிசையை நோக்கி நடந்தான். பையன்கள் சிதறினார்கள். சமையல் அம்மா அலறினார். நான் எழுவதற்குள் தம்பி முன்னால் போய் நின்றுவிட்டான். ஒல்லிப் பையன் ஓடவில்லை. தட்டை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான்.

"யாருடா செத்தாங்க?" என்று கேட்டான் இவன். "சொல்றா. யாரு?"

"யாரும் இல்லண்ணா. திருப்பதி. அப்பா கேசுக்காவ அம்மா வேண்டிக்கினாங்க."

இவன் அப்பாவைக் கொன்றவனுக்கு விடுதலை வேண்டி இறக்கிய முடி அது. மறைக்கத் தெரியாமல் அப்படியே சொல்லிவிட்டான் அந்தக் குழந்தை. இவன் அந்த மொட்டைத் தலையையே பார்த்துக்கொண்டு நின்றான். கோடாரிப் பிடியை விரல்கள் இறுக்குவதும் விடுவதும் தெரிந்தது.

பிறகு கோடாரியைக் கீழே போட்டான். முகத்தைப் புஜத்தில் துடைத்துக்கொண்டான். கையை உயர்த்தி, அந்தத் தலையை மெதுவாக, கேட்டும் கேட்காத சத்தத்தில் ஒரு தட்டுத் தட்டினான்.

"அப்ப லட்டு எங்கடா?"

ஒல்லிப் பையன் தட்டைக் கீழே வைத்துவிட்டு டிரவுசர் பாக்கெட்டுக்குள் கையை விட்டான். செய்தித்தாளில் மடித்த ஒரு லட்டுத் துண்டு வெளியே வந்தது. நசுங்கி, காய்ந்து, கல்லாகியிருந்தது. அதை நீட்டியபோதுதான் அவன் அழ ஆரம்பித்தான்.

"நீ கேப்பேன்னு பாக்கெட்லயே வெச்சினு இருந்தேண்ணா."

இவன் அதை வாங்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். எதற்காக வேண்டிக்கொண்ட பிரசாதம் என்று தெரிந்தே அதை வாயில் போட்டுக் கடக்கென்று கடித்தான். தம்பியின் தட்டை எடுத்து அவன் கையில் கொடுத்து, வரிசையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான்.